இடப்பக்கச் சுவரில் ஒரு கதவு

ஜனவரி 8

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

இங்கே நான் சுகம். நீயும் பாப்பாவும் சுகமாக இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் தினமும் கண்ணை மூடுகிறேன். அப்படி இல்லையென்றால் எழுதி எழுப்பு.

ஞாயிற்றுக்கிழமை போனில் பாதி நேரம் "கேக்குதா, கேக்குதா" என்றே போய்விட்டது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவன் என் முதுகில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தான். வீடு கட்டுகிற விஷயத்தை அந்த லட்சணத்தில் பேச முடியாது. இனிமேல் கடிதம்தான்.

அண்ணனிடம் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறேன். கொத்தனாரை அவரே பேசிக் கூட்டிவருவார். தகரக் கூரையைப் பிரித்துத் தளம் போட வேண்டும், அடுப்படியைப் பின்பக்கம் தள்ள வேண்டும். இதெல்லாம் உனக்கும் தெரியும். எனக்கு முக்கியம் மூன்றாவது வேலை. கொல்லைக் கோடியில் இருக்கும் அந்தப் பழைய கக்கூஸை இடித்துவிட்டு, வீட்டோடு ஒட்டி ஒரு பாத்ரூம். மழையில் குடை பிடித்துக்கொண்டு ஓடிய பிழைப்பு போதும். பின் மூலையில், அடுப்படிக்கும் சந்துக்கும் நடுவில் வரட்டும். கதவு இடப்பக்கச் சுவரில். குழாய் தொட்டிவரை சீராகச் சரிந்து போக வேண்டும். கொத்தனார் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு "சரியா இருக்கு" என்பார். நம்பாதே. ரசமட்டம் வைக்கச் சொல்.

நான் இங்கே மாடி மாடியாகப் பாத்ரூம்தான் மாட்டுகிறேன். எல்லாம் வெள்ளைப் பீங்கான். தொட்டால் பாப்பா கன்னம் மாதிரி இருக்கிறது. ஒன்றில்கூட உட்கார்ந்தது கிடையாது. மாட்டின கையோடு பிளாஸ்டிக் சுற்றி டேப் ஒட்டிவிடுவார்கள். அதனால் ஒரு நிபந்தனை. நம் வீட்டுப் பாத்ரூமை நான் வந்துதான் திறந்துவைப்பேன். ரிப்பன் வேண்டாம், கைதட்டல் வேண்டாம். முதல் ஆள் நான். ஜூலையில் ஒப்பந்தம் முடிகிறது. அதுவரை அதற்குப் பூட்டு.

பாப்பாவுக்குச் சளி விட்டதா? நீ வேளைக்குச் சாப்பிடு.

உன்
வீட்டுக்காரன்


ஜனவரி 26

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

பாப்பாவின் சளி விட்டது, இருமல் பிடித்தது. சுவர் இடிக்கிற தூசி. அவளும் தும்முகிறாள், நானும் தும்முகிறேன், தையல் மிஷின்கூடத் தும்முகிறது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீங்கள் அங்கே நன்றாக இருக்கிறீர்கள்தானே?

கூரை போய்விட்டது. முன் அறையில் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே நான், பாப்பா, மிஷின், அடுப்பு, பாத்திரம் எல்லாம் ஒரே குடும்பமாக இருக்கிறோம்.

உங்கள் அண்ணன் முதல் நாளே பழைய கக்கூஸை இடித்துவிட்டார். "புதுசு வர்ற வரைக்கும் அது இருக்கட்டுமே" என்றேன். "ஜல்லி கொட்ட இடம் வேணும்ல?" என்றார். நாங்கள் அடுத்த தெருவில் அவர் வீட்டுக்குப் போய்வருகிறோம். உங்கள் அண்ணி கதவைத் திறக்கும்போதே முகத்தில் ஒரு சுருக்கம். பாப்பா நேற்று "அம்மா, அடக்கிக்கிறேன்" என்றாள். இந்த வயதில் அவள் அதைக் கற்றுக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆண்களுக்குக் கவலையே இல்லை. எந்தச் சுவர் நின்றாலும் போதும். சித்தாள் வேலைக்கு மூன்று பெண்கள் வருகிறார்கள். அதில் மூத்தவளை எல்லோரும் சத்தக்கா என்கிறார்கள். அவள் ரகசியம் பேசினால் தெருமுனைக்குக் கேட்கும். அவர்கள் காலையில் வந்தால் பொழுது சாய்ந்துதான் போகிறார்கள். நான் வைத்த தண்ணீர்ப் பானை அப்படியே இருந்தது. "ஏன் குடிக்கலை?" என்று கேட்டேன்.

சத்தக்கா சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "தண்ணி குடிச்சா அது உள்ளே சும்மாவா இருக்கும்? வெளியே வான்னு கூப்பிடும். எங்கேம்மா போறது, உன் தையல் மிஷினுக்குள்ளயா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

கொத்தனார் பாத்ரூம் கதவு எந்தப் பக்கம் என்று கேட்டார். இடப்பக்கம் என்று சொல்லிவிட்டேன். "எந்த லெஃப்டும்மா?" என்றார். "ஊருக்கெல்லாம் ஒரே லெஃப்ட்தான்" என்றேன்.

வெயிலில் நிற்காதீர்கள்.

உங்கள்
வீட்டுக்காரி


பிப்ரவரி 14

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே வெயில் ஆளை உரிக்கிறது. ஆனால் நான் உள்வேலைக்காரன், சுவருக்குள்ளேயே இருக்கிறேன். பாப்பாவை வெந்நீரில் ஆவி பிடிக்க வை.

குழாய் பற்றிச் சில விஷயம். கமோடிலிருந்து வெளியே போகும் குழாய் எங்கேயும் செங்குத்தாகத் திரும்பக் கூடாது. திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு பெரிய எல்போ போடாமல், இரண்டு பாதி எல்போவாகப் போடச் சொல். இல்லையென்றால் திருப்பத்தில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் முழுத் தரையையும் உடைக்க வேண்டும். டைல்ஸ் வழுக்காத ரகமாக வாங்கு. அண்ணன் பளபளப்பானதுதான் அழகு என்பார். அவர் பேச்சைக் கேட்டால் இடுப்பை ஒடித்துக்கொள்வாய்.

சித்தாள் பெண்களைப் பற்றி எழுதியிருந்தாய். கட்டட வேலையில் அது எங்கும் உள்ளதுதான். பழகிவிடும். எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். நீ அதற்கெல்லாம் மனதைக் குடைந்துகொள்ளாதே. பாத்ரூம் முடிந்ததும் ஞாபகமாகப் பூட்டு. வேலைக்காரர்கள் சிமெண்ட் காலோடு உள்ளே போனால் பீங்கானில் கீறல் விழும். அது போகவே போகாது. நான் எத்தனை பார்த்திருக்கிறேன்.

வேறென்ன, ஐந்து மாதம் கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

உன்
வீட்டுக்காரன்


மார்ச் 3

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நாங்கள் நலம். இதை முதலில் எழுதிவிடுகிறேன், மீதியைப் படிக்கும்போது உங்களுக்குப் படபடப்பு வரக் கூடாது.

பாத்ரூம் முடிந்துவிட்டது. பாதி எல்போ இரண்டு போட்டாகிவிட்டது. வழுக்காத டைல்ஸ். உங்கள் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்றார். கதவுக்குப் பச்சைப் பெயின்ட். பூட்டும் போட்டேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

நேற்று தளத்துக்குக் காங்கிரீட். காலையிலிருந்து மிஷின் ஓடுகிறது, சட்டி கைமாறிக்கொண்டே இருக்கிறது, நிறுத்தவே கூடாது என்கிறார் கொத்தனார். மதியத்துக்கு முன்னால் சத்தக்கா சட்டியோடு சாரத்தின் கீழே சரிந்தாள். சத்தமே இல்லை. அவள் சத்தமில்லாமல் செய்த முதல் காரியம் அதுதான். உதடு காய்ந்து வெடித்திருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு சொம்பு தண்ணீர் குடிக்க வைத்தேன். குடித்ததும் அவள் கண் சந்துப் பக்கம் போயிற்று. சந்து முனையில் பூட்டிய கிடங்கு இருக்கிறதல்லவா, அதன் பின்னால் முள்ளுக்குள்தான் அவர்கள் இருட்டியபின் போவார்கள். அது பட்டப்பகல். தெரு முழுக்க வேடிக்கை பார்க்கிற ஆண்கள்.

நான் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தேன்.

"வேணாம்மா. புதுசு. என் காலைப் பாரு."

"கால் கழுவத்தான் குழாய் இருக்கு. போ."

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பழைய குரல்: "ஏம்மா, இங்கே பேசினா கோயில் மணியாட்டம் எதிரொலிக்குது!" மற்ற இருவரும் அடுத்தடுத்துப் போனார்கள். அப்புறம் பாப்பா. அப்புறம் நான். ஆகவே நீங்கள் ஆறாவது ஆள். மன்னிக்கச் சொல்லவில்லை, தகவல் சொல்கிறேன்.

உங்கள் அண்ணன் மாலையில் வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "இது வீடா சத்திரமா? யார் யாரையோ உள்ளே விட்டுட்டு, இனிமே அதுல நம்ம வீட்டு ஆளுங்க எப்படிப் போவாங்க?" என்றார். "அவங்க ஏத்தின தளத்துக்குக் கீழே எப்படிப் படுப்பீங்களோ அப்படித்தான்" என்றேன். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டார்.

அவர் எழுதுவதற்கு முன்னால் நான் எழுதிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி


மார்ச் 20

வீட்டுக்காரிக்கு,

நலம்.

அண்ணன் கடிதமும் உன் கடிதமும் ஒரே நாளில் வந்தன. பூட்டைத் திறந்ததைவிட இன்னொன்று என்னை எரிக்கிறது. கதவு சந்துப் பக்கம் இருக்கிறதாமே! இடப்பக்கம் என்று எழுதினேன். வீட்டுக்குள் நடையிலிருந்து நுழைகிற மாதிரி. அதுதானே வீட்டோடு ஒட்டிய பாத்ரூம்? சந்துப் பக்கம் கதவு வைத்தால் பழையபடி வெளியே இறங்கித்தானே போக வேண்டும்? அதற்கு எதற்கு இத்தனை கூத்து?

நான் சொன்ன ஒன்றே ஒன்று, முதல் ஆள் நானாக இருக்க வேண்டும் என்பது. இங்கே நாளெல்லாம் யார் யாருக்கோ மாட்டிக் கொடுக்கிறவனுக்கு அது ஒரு ஆசை. அவ்வளவுதான். உனக்கு அது விளையாட்டாகிவிட்டது.

சந்துக் கதவைப் பெயர்த்துவிட்டுச் செங்கல் வைத்து அடை. நடைப் பக்கம் உடைத்து அங்கே கதவு வை. அண்ணன் சொல்கிறபடி கேள். அடைத்தாயிற்று என்று எழுது, போதும்.

எனக்கு இடுப்பில் இடப்பக்கம் கொஞ்சம் பிடிப்பு. குனிந்து நிமிர்கிற வேலை, வேறொன்றுமில்லை. பாப்பாவுக்கு முத்தம்.

வீட்டுக்காரன்


ஏப்ரல் 5

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நீங்கள் அன்பை விட்டுவிட்டீர்கள். நான் விடவில்லை. நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம்.

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து பார்த்தேன். விஷயம் பிடிபட்டது. நீங்கள் தெருவில் நின்று வீட்டைப் பார்த்து இடப்பக்கம் என்கிறீர்கள். பெட்டியோடு ஆட்டோவில் ஏறும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தீர்களே, இன்னும் அதே இடத்தில் நிற்கிறீர்கள். அங்கிருந்து பார்த்தால் இடப்பக்கச் சுவர் நடையில் இருக்கிறது. நான் அடுப்படியில் நிற்கிறவள். என் முகம் தெருவைப் பார்த்து இருக்கிறது. என் இடது கைப் பக்கம் சந்து. இருவரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறோம். கொத்தனாரிடம் சொன்னேன். "அதான் அன்னிக்கே கேட்டேன், எந்த லெஃப்ட்டுன்னு" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நடைப் பக்கமும் ஒரு கதவு வைக்கச் சொல்லிவிட்டேன். நீங்கள் சொன்னது நியாயம், மழையில் பாப்பா நனையக் கூடாது. ஆனால் சந்துக் கதவை அடைக்கமாட்டேன்.

நான் கல்யாணத்துக்கு முன்னால் தையல் கம்பெனியில் இருந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு வரிசை மிஷினுக்கு ஒரு டோக்கன். அது ஆணியில் தொங்கினால்தான் கக்கூஸுக்கு எழுந்திருக்கலாம். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். தீட்டு நாளில் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு துணி தைத்திருக்கிறேன். வெளியே வந்ததும் முதலில் நினைத்தது, என் வீட்டில் யாரும் எதையும் அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது என்று. இதை உங்களிடம் சொன்னதில்லை. இதையெல்லாம் புருஷனிடம் யார் சொல்வார்கள்? இப்போது எழுதிவிட்டேன்.

உங்கள் அண்ணன் வேலையை நிறுத்திவிட்டார். கொத்தனாரை வேறு வேலைக்கு அனுப்பியிருக்கிறார். கதவை அடைத்தால்தான் பூச்சு வேலையாம். நான் கொத்தனார் வீட்டுக்கே போனேன். "அவர்கிட்ட முகத்தை முறிச்சுக்க முடியாதும்மா" என்றார். "என்கிட்ட முறிச்சுக்கலாமா?" என்றேன். அவர் மனைவி உள்ளேயிருந்து "திங்கக்கிழமை வருவாரு, போ தாயி" என்றாள்.

இடுப்புப் பிடிப்பு என்று எழுதியிருந்தீர்கள். அது உங்கள் இடப்பக்கமா, என் இடப்பக்கமா? எப்படியானாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி


ஏப்ரல் 27

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நாங்கள் சுகம். உங்கள் பதில் இல்லை. இரண்டு ஞாயிறு போனும் இல்லை. கோபம் என்றால் கோபம் என்று எழுதுங்கள், அதற்கும் தபால்காரர் கொண்டுவந்து தருவார்.

கொத்தனார் சொன்னபடி திங்கட்கிழமை வந்தார். சத்தக்காவும் வந்தாள். உள்பூச்சு முடிந்து வெளிப்பூச்சு நடக்கிறது. அடுப்படி மேடை என் உயரத்துக்கு வைத்தாயிற்று, இனிமேல் குனிந்து குழம்பு வைக்க வேண்டாம். நடைக் கதவும் வந்துவிட்டது. இப்போது பாத்ரூமுக்கு இரண்டு கதவு. பாப்பா ஒன்றில் நுழைந்து இன்னொன்றில் வந்து ரயில் விளையாடுகிறாள்.

எதிர்வீட்டுக்காரர் சந்துக் கதவைப் பார்த்துவிட்டு, நாற்றம் வரும், ஆள் நடமாட்டம் வரும், தெருவின் பேர் கெடும் என்றார். இதுவரை அவர் வீட்டுச் சுவர் ஓரம் நின்றவர்களைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததில்லை. அவர்கள் ஆண்கள். அது தெருவின் பேரைக் கெடுக்காது போல.

எழுதுங்கள். ஒரு வரி போதும்.

உங்கள்
வீட்டுக்காரி


மே 12

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே. வலது கை மணிக்கட்டில் சுளுக்கு. நான் சொல்லச் சொல்ல என் அறையில் இருக்கும் வெல்டர் எழுதுகிறார். மற்றபடி நான் நலமாக இருக்கிறேன். சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறது. படுக்கை நன்றாக இருக்கிறது. வேலை கொஞ்சம் குறைவு.

அடுப்படி மேடை நல்லதாயிற்று. வெளிப்பூச்சு காயுமுன் தினமும் தண்ணீர் அடிக்க மறக்காதே. தண்ணீர் காட்டாத சுவர் விரிசல் விடும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தச் சத்தக்கா விழுந்தாளே, அதற்கு முன்னால் அவளுக்கு இடுப்பிலிருந்து அடிவயிறுவரை இழுத்துப் பிடித்து வலித்ததா? இப்போது நன்றாக இருக்கிறாளா? அவளிடம் கேட்டு எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

பாப்பாவைக் கேட்டதாகச் சொல்.

உன்
வீட்டுக்காரன்

எழுதிக் கொடுத்தவனின் வணக்கம் தங்கச்சி. அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். சொல்லாததை எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டார்.


மே 28

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலம் இல்லை.

படுக்கை நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை வருடத்தில் உங்கள் அறையின் படுக்கையைப் பற்றி நீங்கள் எழுதியதில்லை, மூட்டைப்பூச்சியைத் திட்டியதைத் தவிர. சாப்பாடு நேரத்துக்கு எங்கே கிடைக்கும்? ஆஸ்பத்திரியில். மணிக்கட்டு சுளுக்கினவருக்குச் சித்தாளின் அடிவயிறு எதற்கு?

எங்கள் தையல் வரிசையில் இருந்த ஒருத்திக்கு இப்படித்தான் இடுப்பில் ஆரம்பித்தது. பிடிப்பு, பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சிறுநீரகக் கல்லாக இருந்தது. ஒரு நாள் மிஷின் மேலேயே கவிழ்ந்தாள்.

இருந்தாலும் நீங்கள் கேட்டதால் சத்தக்காவிடம் கேட்டேன். "வலிக்காம இருந்த நாளை வேணா சொல்றேன், அதுதான் கம்மி" என்றாள். இப்போது நிறையத் தண்ணீர் குடிக்கிறாள். போகிறாள், வருகிறாள், பாடுகிறாள். நன்றாக இருக்கிறாள். உங்களைப் பற்றிச் சொன்னேன். சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அவரு கக்கூஸ் மாட்டறவரும்மா, அவருக்குமா இல்லை?" என்றாள்.

பழகிவிடும், எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்று பிப்ரவரியில் எழுதினீர்கள். அந்த எல்லோரில் நீங்கள் இருந்தீர்களா?

வெல்டர் அண்ணனுக்கு: சத்தியத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன், அவரையே எழுதச் சொல்லுங்கள். இடது கையாலாவது.

உங்கள்
வீட்டுக்காரி


ஜூன் 15

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நலம் என்று எழுதிப் பேனாவுக்குப் பழகிவிட்டது. இந்த முறை நிறுத்திவிட்டு எழுதுகிறேன். இது என் கைதான். கைக்கு எப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

எங்களுக்கான கக்கூஸ் தரையில், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நான் வேலை செய்வது இருபத்தெட்டாவது மாடியில். சரக்கு லிஃப்டில் சிமெண்ட் மூட்டை ஏறலாம், அதைச் சுமந்தவன் ஏறக் கூடாது. இறங்கி ஏறினால் அரை வேளை போய்விடும், சூப்பர்வைசர் குறித்துக்கொள்வார். அதனால் காலையில் ஒரு வாய், சோற்றோடு ஒரு வாய். அவ்வளவுதான் தண்ணீர். எல்லோரும் அப்படித்தான். ஆமாம், அந்த எல்லோரில் நானும்.

ஏப்ரலில் ஒரு நாள், மாட்டிக்கொண்டிருந்த கமோடின் மேலேயே விழுந்தேன். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன் என்று வெல்டர் சொல்லிச் சிரிக்கிறார். பெரிய கல். அறுத்து எடுத்தார்கள். அந்தப் பக்கச் சிறுநீரகம் இனி முழுதாக வேலை செய்யாதாம். இடப்பக்கம்தான். என் இடப்பக்கம், படுத்தாலும் நின்றாலும் மாறாதது. இன்னொன்று நன்றாக இருக்கிறது, அதை வைத்துக் காலம் தள்ளலாம் என்றார் டாக்டர். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

திரும்பி வேலைக்குப் போன அன்று பாட்டிலோடு போனேன். குடித்தேன். பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டது. சூப்பர்வைசரிடம், டாக்டர் சொல்லியிருக்கிறார், லிஃப்டில் விடுங்கள் என்றேன். முடியாது என்றார். விழுவதற்கு முன்னால் நானே மாட்டிய பாத்ரூமுக்குள் போய்ப் பிளாஸ்டிக்கைக் கிழித்தேன்.

பின்னாலேயே வந்து கத்தினார். "இது யாரோட பாத்ரூம்னு தெரியுமா?"

"தெரியும் சார். நான் மாட்டினது."

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் தட்டிக்கொண்டே இருந்தார். நான் அவசரப்படவில்லை. தண்ணீரை இழுத்துவிட்டேன். என் சரிவு, என் மூட்டு, ஒரு சொட்டு கசியவில்லை. நல்ல வேலைக்காரன்தான் நான், அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் வெல்டர் அவர் மாடியில் கிழித்தார். அதற்கு மறுநாள் காவலுக்கு ஆள் போட்டார்கள். அன்று காலை எங்கள் ஆட்கள் யாரும் வேலை உடை மாட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடி, மாடிக்கு மாடி இல்லையென்றாலும் நாலு மாடிக்கு ஒன்று திறக்கிறவரை வரமாட்டோம் என்றோம். மூன்றாம் நாள் திறந்தார்கள். என்னையும் வெல்டரையும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஒப்பந்தம் இனி கிடையாது. ஜூலை முதல் வாரம் வருகிறேன். வேலை தேட வேண்டும். தேடுவேன்.

சந்துக் கதவை அடைக்காதே. அதில் வெளியே இருக்கும் பூட்டுக் கொண்டியைக் கழற்றிவிடு. பூட்டு வேண்டாம். உள்ளே மட்டும் தாழ்ப்பாள் இருக்கட்டும், உள்ளே இருப்பவள் பயமில்லாமல் இருக்க நல்ல கனமான தாழ்ப்பாள். நடைக் கதவுக்கும் உள்பக்கம் ஒன்று வை. விளக்கு சுவிட்சை உள்ளே நுழைந்ததும் கை படுகிற உயரத்தில் வை. சந்துச் சுவரில் வெளியே ஒரு குடிநீர்க் குழாய் இழுத்துவிடு. அதன் கீழே தண்ணீர் தேங்காமல் சரிவு. ரசமட்டம் வைக்கச் சொல்.

முதல் ஆள் விஷயத்தை விட்டுவிட்டேன். அது இங்கேயே முடிந்துவிட்டது.

உன்
வீட்டுக்காரன்


ஜூன் 29

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இது நீங்கள் கிளம்புமுன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நாங்கள் நலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று இந்த முறை உண்மையாகவே தெரிந்துகொண்டு எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை அடுப்படி மேடையில் வைத்துப் படித்தேன். அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கொத்தனாரைக் கூப்பிட்டுக் கொண்டியைக் கழற்றச் சொன்னேன். எந்தப் பக்கக் கொண்டி என்று கேட்டார் பாருங்கள், ஜாக்கிரதையான மனிதர். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

வெள்ளையடித்தாயிற்று. தார்ப்பாயை மடித்தாயிற்று. மிஷினைச் சந்து ஜன்னல் ஓரம் போட்டுக்கொண்டேன். வெளிக்குழாயில் தண்ணீர் வருகிறது, சரிவு சரியாக இருக்கிறது. சத்தக்கா இப்போது இரண்டு தெரு தள்ளி வேறு வீட்டு வேலை. அங்கேயும் பூட்டுதான். மதியத்தில் நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு இங்கே வருகிறாள். தள்ளுவண்டிக் காய்காரி வருகிறாள். யாரும் சொல்லாமலே ஆளுக்கொரு வாளி ஊற்றிக் கழுவிவிட்டுப் போகிறார்கள். நேற்று தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "பொம்பளைங்களுக்கு மட்டுமாம்மா?" என்று தயங்கினார். "அவசரம் எல்லாருக்கும் ஒண்ணுதான், போங்க" என்றேன்.

எதிர்வீட்டுக்காரர் எங்கெல்லாமோ மனு கொடுத்திருக்கிறார். விசாரிக்க ஒருவர் வந்தார். கதவு என் சுவரில், என் இடத்தில் இருப்பதை அளந்து பார்த்துவிட்டுப் போனார். இன்னும் வருவார்கள். வரட்டும்.

உங்கள் அண்ணன் ஒருமுறை வந்து வாசலில் நின்றார். உங்கள் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னேன். முகம் வெளுத்தது. உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன். இந்த வீட்டில் இனிமேல் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் தம்பி தண்ணீர் குடிக்காமல் எங்கே போய் விழுந்தார் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டிருந்தார். அவர் திருந்துகிறபோது திருந்தட்டும். அவருக்காகச் சுவர் எழுப்ப முடியாது.

நீங்கள் வழியில் தண்ணீர் குடித்துக்கொண்டே வாருங்கள். வண்டியை எங்கே நிறுத்தச் சொல்ல வேண்டுமோ நிறுத்தச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். தெருவில் இறங்கினால் நடைக் கதவு உங்கள் இடப்பக்கம், சந்துக் கதவு என் இடப்பக்கம். எதில் வேண்டுமானாலும் வாருங்கள். ஆனால் நீங்கள் வந்து நிற்கும்போது உள்ளே யாராவது இருப்பார்கள். கதவைத் தட்ட வேண்டாம். வரிசையில் நில்லுங்கள், வீட்டுக்காரரே.

உங்கள்
வீட்டுக்காரி